குரலுக்கு எட்டு ஜிபி

அறுவை சிகிச்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் தம்பி ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள் பேசி முடிக்க வேண்டும்.

அந்த வீட்டில் மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். தம்பி காய்கறி மண்டியில் ஏலம் விடுபவன். பதினான்கு வருடமாகக் கத்திய தொண்டை. அதில் வளர்ந்திருப்பதை எடுக்கும்போது குரல்வளையும் சேர்ந்து போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு வழி சொன்னார். குரல் இருக்கும்போதே வாக்கியங்களைப் பதிந்துவைத்தால், அவற்றிலிருந்து ஒரு குரல் செய்து சின்னக் கருவி ஒன்றில் ஏற்றித் தரலாம். அவன் எழுத்துகளைத் தட்டினால் அது அவன் குரலில் பேசும். பதிந்ததை வைத்துக்கொள்ள வெளியில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்றார்.

"முகம் தெரியாதவன் கிடங்குல என் குரல வைக்க மாட்டேன்," என்றான் தம்பி. "நாளைக்கு அவன் அத வெச்சு என்னத்த வித்துத் தொலைப்பானோ."

அதனால் வீட்டிலேயே ஒரு சர்வர்.

அண்ணன் ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட கணினியைத் தூக்கி வந்தான். புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பொருத்தினான். ஒவ்வொன்றும் இரண்டு டிபி. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். பெட்டியைத் துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு மேல போறது, கீழ வர்றது, அவ்வளவுதான் தெரியும். உள்ள யாரு எங்க உக்காரணும்னு நீயே சொல்லிடு."

அண்ணி தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்தாள். அளவுகோலால் நீளமாக ஒரு பட்டை வரைந்தாள். அதுதான் வட்டு. துணி விரிப்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

"எதுக்குக் கூறு போடணும்? ஒரே துண்டா விட்டா என்ன?" என்றான் அண்ணன்.

"நீங்க சேத்து வெச்சிருக்கிற படமெல்லாம் எவ்வளவு வரும்?"

"கொஞ்சம்தான்."

"போன வருஷமும் கொஞ்சம்தான். கடைசில என் பேட்டர்ன் ஃபைல அழிச்சிட்டுப் படம் ஏத்துனீங்க."

"அது தெரியாம நடந்தது."

"இடத்தக் கொடுத்தா மடத்தப் புடுங்குற ஆளு," என்றான் தம்பி. "சுவர் வைங்க அண்ணி."

அவள் சுவர் வைத்தாள். கணினி இயங்குவதற்கு ஒரு துண்டு. அவளுடைய பேட்டர்ன்களுக்கு ஒன்று. அண்ணனின் படங்களுக்குப் பெரியது ஒன்று. குரலுக்குத் தனியாக ஒன்று, படங்கள் எவ்வளவு பெருத்தாலும் உள்ளே வர முடியாதபடி.

குரல் துண்டுக்கு அளவு வேண்டும். தம்பியை ஒரு வாக்கியம் பேசச் சொன்னாள். மிக உயர்ந்த தரத்தில் பதிந்தாள். ஆறு நொடி. நாலரை எம்பிக்குச் சற்று மேலே. ஆயிரத்து அறுநூறால் பெருக்கினாள். ஏழு ஜிபியைத் தாண்டி நின்றது. எட்டு என்று எழுதினாள்.

தம்பி காகிதத்தின் மேல் குனிந்தான். "எனக்கு எட்டு. அண்ணன் படத்துக்கு ஆயிரத்து அறுநூறு ஜிபி. பங்கு நல்லாருக்கு."

"அளந்துதான் போட்டேன்."

"வளர்ற பிள்ளைக்குத் தைக்கும்போது கொஞ்சம் உள்ள மடிச்சு வைப்பாங்கல்ல?"

"ஆயிரத்து அறுநூறு வாக்கியம் பேசி முடிச்சதுக்கு அப்புறம் இதுல என்னத்த வளர்க்கப் போற?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி சிரித்தான்.

"அதுவும் சரிதான்," என்றான்.

அடுத்து, எந்த வகைக் கோப்பு முறைமை என்ற கேள்வி. வெறும் இடத்தில் எதையும் வைக்க முடியாது. எது எங்கே இருக்கிறது என்று கணினி குறித்துக்கொள்ள ஒரு முறை வேண்டும். அதற்குப் பல வகைகள் இருந்தன. அவள் இரண்டு நாள் மதிய உணவு வேளையில் அவற்றைப் பற்றிப் படித்தாள். ஒரு வகையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. இன்னொன்றைப் பெரிதாக்கவும் செய்யலாம், சிறிதாக்கவும் செய்யலாம். இரண்டாவது அவளுக்குப் பிடித்துவிட்டது. இருபது வருடமாக அவள் கத்தி வைத்த எந்தத் துணியும் திரும்ப ஒட்டியதில்லை. இங்கே ஒட்டும் என்கிறார்கள்.

படங்களுக்கான துண்டை முதலில் தயார் செய்தாள். முடிந்ததும் அளவைப் பார்த்தாள். ஒன்றுமே வைக்காத துண்டில் இருபத்தைந்து ஜிபியைக் காணோம்.

"காலிச் சட்டில இருந்து யாரு தின்னது?" என்றாள்.

மறுபடி படித்தாள். இனி வரப்போகும் கோப்புகளைக் குறித்துக்கொள்ளக் கணினி முன்கூட்டியே ஒரு பட்டியலுக்கு இடம் எடுத்துக்கொள்கிறது. பெரிய கோப்புகள் மட்டும் வைப்பவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்குக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினால் போதும். சேர்த்துத் தட்டினாள். விழுங்கியதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. படம், பேட்டர்ன், குரல் என மூன்று துண்டுகளுக்கும் அதையே செய்தாள். தொழிற்சாலையில் ஒரு விரிப்பில் கழிவு மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மேற்பார்வையாளர் பலகையில் எழுதிப் போடுவார். இங்கே அரை சதவீதம்கூட இல்லை. பலகைதான் இல்லை.

தம்பி படுக்கையறையைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கினான். சன்னலிலும் கதவிலும் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். படிப்பான். பச்சையில் ஒரு சரிக்குறி வரும். அடுத்த வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலிக்கு ஒரு கோப்பு, அந்த வாக்கியத்தின் எழுத்துக்கு ஒரு கோப்பு.

ஒரு நாளைக்கு இருநூறு. அதற்கு மேல் பேசக் கூடாது.

"யாரு அண்ணி இந்த ஆளு?" என்றான் இரண்டாம் நாள், தண்ணீர் குடிக்க வெளியே வந்து. "நாளை மேகமூட்டமாக இருக்கும்ங்கிறான். தயவுசெய்து கதவைத் திறக்கவும்ங்கிறான். இப்படி ஒருத்தன நான் மண்டில பாத்ததே இல்ல."

"இனிமே நீதான் அந்த ஆளு."

"இவ்வளவு மரியாதையா பேசுனா பூசணிக்காகூட விக்காது."

கடைசி நூறு வாக்கியங்கள் காலியாக விடப்பட்டிருந்தன. அவை அவனுடைய சொந்தப் பேச்சுக்கு. செய்து தரும் குரலுக்குத் திட்டத் தெரியாது, கேலி செய்யத் தெரியாது, கூவத் தெரியாது என்று பயிற்சி அம்மாள் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டதையெல்லாம் அவனே சொல்லிவைக்க வேண்டும். கருவியில் அதற்கென்று பொத்தான்கள் உண்டு.

எட்டாம் நாள் அவற்றைப் பதிந்தான். அன்று அறைக்குள் யாரையும் விடவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டே கதவுப் பக்கம் காதை வைத்தாள். போர்வை எல்லாவற்றையும் குடித்துவிட்டது. ஒரு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"என்ன பேசுன?" என்றாள், அவன் வெளியே வந்ததும்.

"போகப் போகக் கேப்பீங்க. தினமும் கேப்பீங்க."

ஒன்பதாம் நாள் காலை பயிற்சி அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். நாளை மருத்துவமனையில் சேரும்போது கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து தரச் சொன்னார். அண்ணி அன்று விடுப்பு எடுத்திருந்தாள். நகலெடுத்தாள். முடிந்ததும் திரை எண்ணிக்கை காட்டியது. இரண்டாயிரத்து முப்பத்தாறு கோப்புகள்.

மூவாயிரத்து இருநூறு இருக்க வேண்டும்.

பென் டிரைவில் கோளாறு என்று நினைத்தாள். சர்வரிலேயே எண்ணினாள். அதே எண். கடைசிக் கோப்பைத் திறந்தாள். ஆயிரத்துப் பதினெட்டாம் வாக்கியம். ஆறாம் நாள் காலையில் பதிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மற்ற வட்டிலும் பார்த்தாள். அதிலும் இல்லை. ஒன்றைப் போலவே மற்றது.

இடம் தீர்ந்துவிட்டதா? பார்த்தாள். எட்டு ஜிபியில் ஐந்துகூட நிரம்பவில்லை.

வெறும் கோப்பு ஒன்றை அங்கே உருவாக்கிப் பார்த்தாள். உள்ளே எதுவுமில்லாத கோப்பு. இடம் இல்லை என்றது கணினி.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று ஜிபி காலியாக இருக்கிறது. காற்றை வைக்கக்கூட இடமில்லை என்கிறது. கோபம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆர்வம் வந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்ததால் துணிந்து ஒரு சோதனை செய்தாள். ஓர் எழுத்துக் கோப்பை நீக்கினாள். ஒரே ஒரு வரி கொண்ட சின்னது. பிறகு புதிதாக ஒன்றை உருவாக்கினாள். ஏற்றுக்கொண்டது. இன்னொன்று. மறுத்தது. மறுபடி ஒரு சின்னதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பெரிய ஒலிக்கோப்பு ஒன்றைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது. அடுத்து ஒரு சின்னதைப் போட்டாள். மறுத்தது.

ஒன்று போனால் ஒன்று வரலாம். பெரிதா சிறிதா என்பது அதற்குப் பொருட்டில்லை. அது எடை பார்க்கவில்லை. தலையை எண்ணுகிறது.

அப்போது புரிந்தது. தொழிற்சாலையில் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண் சீட்டு ஒட்டுவார்கள். சீட்டு இல்லாத துண்டு தையல் மேசைக்குப் போகாது. சீட்டுச் சுருள் தீர்ந்துபோன ஒரு நாள், மேசை நிறைய இடம் இருந்தும் முழு வரிசையும் கைகட்டி நின்றது. இங்கேயும் சீட்டு தீர்ந்துவிட்டது. எத்தனை சீட்டு என்று கேட்கும் கட்டளையைத் தேடித் தட்டினாள். மொத்தம் 2,048. மீதி 0. அவனுடைய கோப்புகள் போகப் பாக்கிப் பன்னிரண்டைக் கணினி தன் வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தது.

இத்தனை குறைவாகச் சீட்டு அடித்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பட்டியலைச் சுருக்கியது அவள்தான். சாதாரணமாக விட்டிருந்தால் ஐந்து லட்சம் இருந்திருக்கும். துண்டைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தவள், எதை முதல் நாளுக்குப் பிறகு மாற்ற முடியாது என்று பார்க்கவில்லை. அந்தப் பச்சைச் சரிக்குறியின் பொருளையும் இப்போதுதான் படித்தாள். குரல் கேட்டது என்பதற்கு அது. வைத்தாயிற்று என்பதற்கு அல்ல.

தம்பி சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள்.

"ஐந்நூத்தி எம்பத்திரண்டு பதியல. நான் போட்ட அளவு தப்பு."

"எது வரைக்கும் இருக்கு?"

"ஆயிரத்துப் பதினெட்டு."

அவன் கணக்குப் போட்டான். கரண்டி நின்றது. "அப்ப என்னோடது?"

"ஒண்ணுகூட இல்ல."

அவன் கஞ்சியைப் பார்த்தான். "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலம்பாங்க. எனக்கு வாய்க்கு எட்டுனது டிஸ்க்குக்கு எட்டல."

சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனான். கஞ்சி ஆறி ஆடை படிந்தது. அண்ணி அவன் பின்னால் போகவில்லை. பயிற்சி அம்மாளைக் கூப்பிட்டாள்.

"குரல் செய்ய ஆயிரம் போதும்," என்றார் அந்த அம்மாள். "மிச்சப் பொது வாக்கியத்த விட்ருங்க. அவரோட சொந்தப் பேச்சு மட்டும் எடுங்க. ஆனா தொண்டை வீங்கியிருக்கும். இன்னிக்கு அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சத்தமா எதுவும் வேண்டாம்."

அண்ணி குரல் துண்டைத் தொடவில்லை. பதிவுச் செயலியைப் படங்கள் இருந்த துண்டுக்குத் திருப்பினாள். அங்கேயும் சீட்டைச் சுருக்கியிருந்தாள். ஆனால் துண்டு பெரியது, சீட்டு நான்கு லட்சம் மீதி இருந்தது.

மாலையில் தம்பி திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. நூறு வரிகளை எழுதி அறுபதை அடித்திருந்தான்.

"எங்க வைக்கிறீங்க இந்தத் தடவ?"

"அண்ணன் படத்துக்கு நடுவுல."

"சண்டைப் படமா, அழுகைப் படமா?"

"போய் உக்காரு. நானும் வர்றேன். ஒவ்வொண்ணும் விழுதான்னு பாத்துத்தான் அடுத்தது."

"நீங்க உள்ள வரக் கூடாது."

"அப்ப மறுபடி காத்துல பேசு."

அவன் தாளைப் பார்த்தான். இன்னும் நான்கு வரிகளை அடித்தான். "வாங்க," என்றான்.

அறையில் போர்வைகள் இன்னும் தொங்கின. மைக் முன்னால் அவன், பக்கத்தில் அவள். மடிக்கணினியில் ஒரு பக்கம் கோப்புகளின் வரிசை.

"அண்ணே, கதவச் சாத்து, கொசு உனக்குச் சொந்தக்காரனா?" என்றான் மைக்கிடம்.

வரிசையில் இரண்டு பெயர்கள் தோன்றின. அண்ணி தலையசைத்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும், நீ சொல்லு."

விழுந்தது.

"அண்ணி, உங்களுக்கு வாயில கத்திரிக்கோலா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விழுந்தது.

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டு." விழுந்தது. "ம்ம், அப்புறம்?" விழுந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்ல." விழுந்தது. ஒரு வரியை எடுத்து, அவளைப் பார்த்து, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். அவள் கேட்கவில்லை.

இருபது நிமிடத்தில் முப்பத்து நான்கு. குரல் கரகரத்தது. கடைசி வரியில் ஒரே சொல் இருந்தது. ஏலம்.

"இது வேண்டாம்," என்றாள். "கத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நேத்து இதத்தான் அம்பது தடவ பண்ணிப் பாத்தேன். வரல அண்ணி. கேக்க ஆள் இல்லாம ஏலம் வராது. சுவத்துக்கு வித்த மாதிரி இருந்துச்சு. தொலஞ்சதே நல்லது." நாற்காலியைத் திருப்பி அவளுக்கு எதிராக வைத்தான். "மெதுவா விடுறேன். நீங்க கேளுங்க."

"என்னத்த விக்கிற?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "நம்ம பெட்டி."

தொண்டையைச் செருமாமல், தோளை மட்டும் நிமிர்த்தினான். நூறு பேரின் இரைச்சலைத் தாண்டிப் போகவேண்டிய குரல் ஒரு முழத் தூரத்துக்கு வந்தது. வேகம் மட்டும் குறையவில்லை.

"பாருங்க பாருங்க, நல்ல பெட்டி, ஒரே சொந்தக்காரர், ரெண்டு டிஸ்க்கு, ரெண்டுலயும் ஒரே தப்பு. எட்டு ஜிபி வீடு, மூணு ஜிபி காலி, உள்ள ஒரு எறும்பு போக முடியாது. கட்டிங் மாஸ்டர் கையால அளந்தது, கழிவே கிடையாது, இடமும் கிடையாது. காசு வேண்டாம், பாத்திரம் கழுவுற நாள்தான் கணக்கு. யாரு கேக்குறா, யாரு கேக்குறா?"

அண்ணி ஒரு விரலை உயர்த்தினாள்.

"அம்மா ஒரு நாள். ஒரு நாள்தானா? பெட்டிக்கு மரியாதை இல்லையா? ஒரு நாள், ஒரு நாள், ரெண்டு யாரு?"

போர்வை விலகியது. வேலை முடிந்து வந்த அண்ணன், காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றான். யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணம் பார்த்தான். இரண்டு விரல் காட்டினான்.

"ஐயா ரெண்டு! லிஃப்ட்டுக்காரர் ரெண்டு! அம்மா விடப்போறீங்களா?"

மூன்று. நான்கு. அண்ணி ஐந்து காட்டினாள். அண்ணன் ஒரு கையை முழுதாக விரித்து, மறுகையில் இரண்டு விரலைச் சேர்த்தான்.

"ஏழு! வாரம் பூரா! ஐயாவுக்கு ஏழு. ஒரு தரம்." அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு தரம்."

வாய் திறந்தது. மூன்றாவதற்குக் காற்று மட்டும் வந்தது. அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

வரிசையில் இரண்டு பெயர்கள் விழுந்தன. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் மீதி இருந்தது. மைக்கை அணைத்தாள்.

தம்பி காதைத் தொட்டுக் காட்டினான். அவள் கடைசிக் கோப்பை ஓடவிட்டாள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். மண்டிக்குப் புதிதாக வந்த ஆள் கூவுவதைக் கேட்பதுபோல முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டான். பெட்டி விற்றது. விரல்கள் உயர்ந்த இடங்களில் குரல் முந்திக்கொண்டு ஓடியது. ஒரு தரம். இரண்டு தரம். காற்று. தட்டு.

"இவன் பரவால்ல," என்றான், உதட்டளவில். "இவன வெச்சுக்கலாம்."